விவாத இழை: காய்ந்த புல் காலத்தில் வீட்டு வாசல் பட்டாசு – தடை போடலாமா?

வேலியோரம் | ஜூன் 10, இரவு 9.42

எங்கள் பின்வேலிக்கு அப்பால் குன்று தொடங்குகிறது. பிப்ரவரியில் வருகிறவர்கள் "ஊட்டி மாதிரி இருக்கிறதே" என்பார்கள். மே முடிந்ததும் அதே குன்று முழுக்க வைக்கோல். இடுப்பு உயரத்துக்குக் காட்டு ஓட்ஸ் புல். காற்று வந்தால் சலசலக்கும். அந்தச் சத்தம் இப்போது தூக்கத்திலும் கேட்கிறது.

இருப்பது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கம். கலிபோர்னியாவில் பறப்பதையும் வெடிப்பதையும் தனியாள் கொளுத்தக் கூடாது. மாநிலத் தீயணைப்புத் தலைமை அதிகாரியின் 'சேஃப் அண்ட் சேன்' முத்திரை பெற்ற புஸ்வாணம், மத்தாப்பு வகையறாக்களை மட்டும், ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டி, ஜூன் 28 நண்பகலிலிருந்து ஜூலை 6 நண்பகல் வரை விற்கலாம். அதையும் விடுவதா வேண்டாமா என்று அந்தந்த ஊர் முடிவு செய்துகொள்ளும். எங்கள் ஊரில் அனுமதி உண்டு. பெரிய சாலையைக் கடந்தால் அடுத்த ஊர். அங்கே கம்பி மத்தாப்பு பிடித்தாலும் அபராதம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு போக்குவரத்து விளக்கு.

வருகிற 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நகர மன்றத்தில் இதைப் பேசுகிறார்கள். வறண்ட மாதங்களில் தனியார் பட்டாசுக்கு முழுத் தடை என்பது தீர்மானம். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். நான் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

வீட்டிலேயே இரண்டு கட்சி. என் கணவர், "வருடத்தில் ஒருநாள், அதையும் பிடுங்க வேண்டுமா?" என்கிறார். எனக்கோ, தீ அபாயத்தைக் காட்டி வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று மார்ச்சில் வந்த கடிதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கராஜில் ஒரு பெட்டி மத்தாப்பு இருக்கிறது. போன ஜூலையில் வாங்கித் தீபாவளிக்கென்று ஒளித்து வைத்தது. நம்மில் பல வீடுகளில் இருக்கும், சொல்ல மாட்டார்கள்.


கணக்கன் | ஜூன் 10, இரவு 10.15

அக்கா, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் என்ற ஊரே எரிந்தது. 85 பேர் செத்தார்கள். காரணம் யாருடைய புஸ்வாணம்? பிஜி அண்ட் ஈ மின்சார நிறுவனத்தின் உயரழுத்த மின்கோபுரம் ஒன்றில் தேய்ந்து அறுந்த பழைய இரும்புக் கொக்கி. 84 மரணங்களுக்கு அந்த நிறுவனமே 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே 2018இல் ரெடிங் பக்கம் 'கார்' (Carr) என்று பெயர் வைத்த காட்டுத்தீ: பழுதான டயர், சக்கர விளிம்பு தார்ச்சாலையில் உரசிய பொறி. 2020 ஆகஸ்டில் எரிந்ததில் பெரும்பங்கு இடி மின்னல்.

கோபுரத்தை மாற்றாமல் விட்டவன் கம்பெனிக்காரன். நகர மன்றத்தில் கைகட்டி நிற்க வேண்டியவன் என் எட்டு வயது மகனா? பெரிய திருடனைப் பிடிக்க முடியாத ஊரில்தான் சைக்கிளில் விளக்கில்லாதவனைப் பிடிப்பார்கள்.


போர்ட்லாந்து_பொன்னி | ஜூன் 11, காலை 7.05

கணக்கன் தம்பி, உங்கள் பட்டியலில் 2017 விடுபட்டிருக்கிறது. நினைவூட்டுகிறேன்.

அந்த வருடம் செப்டம்பர் 2, சனிக்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை. எங்கள் ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஈகிள் கிரீக் நடைபாதை. 15 வயதுப் பையன் ஒருவன் புகைக்குண்டு ஒன்றைக் கொளுத்திப் பள்ளத்தில் எறிந்தான். அதற்கு மேல் அவன் எதுவும் செய்யவில்லை. நீந்தப் போயிருந்த 150 பேருக்கு மேல் திரும்பி வரும் வழி அடைபட்டது. இரவு முழுக்கக் காட்டிலேயே உட்கார்ந்திருந்து, மறுநாள் மலைமேல் வேறு வழியாக நடத்தி அழைத்து வந்தார்கள். கங்குகள் காற்றில் பறந்து கொலம்பியா ஆற்றையே தாண்டி வாஷிங்டன் மாநிலக் கரையில் பற்றின. அந்த ஆற்றின் அகலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 50,000 ஏக்கர். 84ஆம் எண் நெடுஞ்சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. மல்ட்னோமா அருவியின் 1925ஆம் வருடத்துக் கல் மாளிகையை, இரவெல்லாம் தண்ணீர் அடித்துக் காப்பாற்றினார்கள்.

போர்ட்லாந்தில் சாம்பல் விழுந்தது. காலையில் காரைத் துடைக்கப் போனேன். கண்ணாடிமேல் ஒரு ஃபிர் மரத்தின் சிறு கிளை, ஊசி ஊசியாக இலைகளோடு, முழு வடிவத்தில் கிடந்தது. கறுப்புத் தாளில் வெட்டி வைத்தது போல. விரல் பட்டதும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அந்தப் பாதையில் முந்தின வாரம்தான் நடந்துவிட்டு வந்திருந்தேன்.

2018 மே மாதம் நீதிமன்றம் அந்தப் பையனை 3.66 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. ஐந்து வருடக் கண்காணிப்பு, 1,920 மணி நேரம் வனத்துறையில் ஊழியம். பணம் மொத்தத்தையும் அவனால் கட்ட முடியாது என்று நீதிபதிக்கும் தெரியும். பத்து வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிவந்தால் மீதியைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு எட்டு வயது. இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. சபிக்கவில்லை தம்பி, பயத்தில் சொல்கிறேன்.


கணக்கன் | ஜூன் 11, காலை 7.48

பொன்னி அக்கா சொன்னது என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. தேசிய வனங்களில் பட்டாசு வருடம் முழுக்கத் தடை. ஒரிகன் மாநிலத்தில் பறப்பதும் வெடிப்பதும் ஏற்கெனவே தடை. அந்தப் பையன் நின்ற இடத்தில் சட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது, அவன் மதிக்கவில்லை. இன்னொரு தடை போட்டால் மட்டும் மதித்துவிடுவானா?


மலைப்பாதை | ஜூன் 11, காலை 11.30

மதிப்பானா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். புல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது.

நான் எங்கள் ஊர் அவசர உதவித் தொண்டர் குழுவில் இருக்கிறேன். பயிற்சியில் முதல்நாள் சொல்லித் தந்தது 'ஒரு மணி நேர எரிபொருள்' என்ற கணக்கு. கால் அங்குலத்தை விட மெல்லிய காய்ந்த சருகு, புல், குச்சி எல்லாம் இந்த வகை. காற்றில் ஈரம் குறைந்தால் ஒரே மணி நேரத்தில் அவையும் அந்த அளவுக்கு உலர்ந்துவிடும். விறகுக் கட்டை உலர மாதங்கள் ஆகும். காலையில் பனி விழுந்து நனைந்த புல், மதிய வெயிலுக்குப் பிறகு மாலை ஏழு மணிக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கொளுத்த ஆரம்பிக்கிற நேரமும் அதுதான்.

கம்பி மத்தாப்பு ஏறத்தாழ 2,000 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும். செல்சியஸில் 1,100. சில உலோகங்களை உருக்கும் சூடு. குழந்தை கையில் கொடுக்கிறோம் என்பதால் அது குழந்தைப் பொருள் என்று நினைத்துக்கொண்டோம். அணைந்த பிறகும் கம்பி சிவந்திருக்கும். பையன் அதை எங்கே எறிகிறான்? சாலை நடுவிலா? ஓரத்தில், புல்லில்.

தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் மதிப்பீட்டில், 2018இல் மட்டும் அமெரிக்காவில் பட்டாசால் பற்றிய தீ 19,500. பெரும்பாலானவை வெளியிடத்தில் பற்றிய சின்னத் தீ. அவை சின்னதாகவே நின்றதற்குக் காரணம், பக்கத்தில் யாராவது இருந்தார்கள், காற்று இல்லை, அவ்வளவுதான்.


விருதுநகரான் | ஜூன் 11, மாலை 6.20

இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். ஒருவரும் மழையைப் பற்றிப் பேசவில்லையே.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். இப்போது சாக்ரமெண்டோ. வீட்டில் பாதிப்பேர் பட்டாசு வேலை பார்த்தவர்கள்தான். பட்டாசுத் தொழில் ஏன் சிவகாசி வட்டாரத்தில் வேரூன்றியது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில், கந்தக பூமி, மழை கிடையாது, மருந்து நன்றாகக் காயும் என்பது. ஆனால் அங்கே காய்ந்த பட்டாசை நாம் கொளுத்துவது எப்போது? ஐப்பசியில். அடைமழைக் காலத்தில். சிறுவயதில் தீபாவளி என்றால் எனக்கு நினைவு வருவது வெடிச் சத்தமில்லை. நமுத்துப்போன ஓலைவெடியை அடுப்பு மேட்டில் வைத்துக் காயவைத்துத் திட்டு வாங்கியதுதான். தெருவில் கணுக்கால் தண்ணீர். கூரை வீடுகூட ஊறிப்போய் இருக்கும். ராக்கெட் போய் வைக்கோல் போரில் விழுந்தாலும் புஸ்ஸென்று அடங்கும். அடங்காத வருடங்களும் உண்டு, ஊர் கூடி அணைத்ததும் உண்டு. ஆனாலும் பொதுவாக மழை நமக்குக் காவல் இருந்தது.

ஆக, நம் கைப்பழக்கம் முழுக்க மழைக்குள் பழகிய பழக்கம். 'எரிந்த கம்பியைத் தூரப் போடு' என்றுதான் அம்மா சொல்வாள். காலில் குத்துமே என்ற கவலை. கீழே இருக்கும் தரை பற்றும் என்ற எண்ணமே அவளுக்கு வராது. அதே கையோடு இங்கே வந்துவிட்டோம். இங்கே ஏப்ரலில் மழை நின்றால் அக்டோபர் நவம்பரில்தான் மறுபடி. ஜூலை 4 வரும்போது மண்ணில் ஈரம் போய் இரண்டு மாதம். தீபாவளி வரும்போது ஆறு மாதம். காயவைக்க வறண்ட ஊர் வேண்டும், கொளுத்த ஈரமான ஊர் வேண்டும். நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

பட்டாசு செய்கிறவர்களுக்கு இந்தப் பயம் உண்டு. வெயில் ஏறுமுன் காலையிலேயே மருந்துக் கலவையை முடித்துவிடப் பார்ப்பார்கள். கோடையில் எங்கள் பக்கம் பட்டாசு ஆலை விபத்துச் செய்தி வராத வருடம் அபூர்வம்.

இன்னொன்று. போன வருடம் ஒரு விருந்தில் ஒருவர் சொன்னார்: 'இங்கே தடை போட்டால் சிவகாசித் தொழிலாளி வயிற்றில் அடி'. உணர்ச்சி சரி, தகவல் தப்பு. அமெரிக்காவில் மக்கள் வாங்கிக் கொளுத்துவதில் மிகப் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருவது. நம் சரக்கு ஏறத்தாழ முழுக்க இந்தியாவுக்குள்ளேயே போகிறது. எங்கள் ஊர்க்காரர்களை இந்த வழக்கில் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பின்குறிப்பு: காற்றும் வறட்சியும் சேரும் நாட்களில் இங்கே 'செங்கொடி எச்சரிக்கை' விடுவார்கள். முதல்முறை இதைக் கேட்டதும் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமா, "எந்த யூனியன் மாநாடு?" என்று கேட்டார்.


வேலியோரம் | ஜூன் 11, இரவு 8.02

விருதுநகரான் அண்ணன், அடுப்பு மேட்டில் வெடி காயவைத்ததைப் படித்துவிட்டு என் கணவர் அரை மணி நேரம் சிரித்தார். அவரும் செய்திருக்கிறாராம். திருமணமாகி பதினாறு வருடத்தில் இன்றுதான் சொல்கிறார்.


உப்பேரிக்காரி | ஜூன் 11, இரவு 9.55

யூட்டா மாநிலத்திலிருந்து ஒரு குரல். எங்களுக்கு ஜூலையில் இரண்டு தீபாவளி. 4ஆம் தேதி நாட்டுக்கு. 24ஆம் தேதி, மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் முன்னோடிகள் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்த நாள். வருடத்தின் உச்ச வெயிலில் இரண்டுமே. முன்பு வாரக்கணக்கில் வெடித்தார்கள். 2018 சட்டம் அதை ஜூலை 2 முதல் 5 வரை, 22 முதல் 25 வரை என்று குறுக்கியது.

2020 ஜூன் கடைசியில் லெஹை ஊருக்கு மேலே டிராவர்ஸ் மலையில் தீ. நடுராத்திரியில் வீடுகளைக் காலி செய்ய வைத்தார்கள். காரணம் பட்டாசு. மறுவருடம் கடும் வறட்சி. மாநிலம் முழுக்கத் தடை போடுங்கள் என்று ஆளுநரைக் கேட்டார்கள். அப்படித் தடை போட எனக்குச் சட்டத்தில் அதிகாரமில்லை என்றார் அவர். உண்மைதான், சட்டத்தை அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். சால்ட் லேக் சிட்டி தன் எல்லைக்குள் மட்டும் தடை போட்டது. என் வீடு எல்லைக்கு வெளியே. அன்று இரவு நகரத்தின் பக்கம் அமைதி, எங்கள் பக்கம் போர்க்களம்.

ஊருக்கு ஊர் விடும் சட்டத்தால் வரும் வினை இது. வேலியோரம் சொன்ன போக்குவரத்து விளக்குதான்.


பாராமட்டா_சிவம் | ஜூன் 12, காலை 4.30

சிட்னியில் எங்களுக்கு இந்தப் பிரச்சினை எப்போதோ முடிந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸில் கடையில் வெடி வாங்கவே இயலாது. கான்பராவில் 2009 வரை விற்றார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சீனவெடிச் சரம் கொளுத்தாத வருஷப் பிறப்பு இல்லை என்று வளர்ந்தவன் நான். வந்த முதல் வருஷம் வெறுமையாக இருந்தது. என் பிள்ளைகளுக்கு அந்த வெறுமையும் தெரியாது.

ஆனாலும் முழு நாடும் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். வடக்கு ஆட்புலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) ஜூலை 1 அன்று மாலை 6 முதல் 11 மணி வரை யாரும் கொளுத்தலாம். டார்வினில் ஜூலை என்றால் நட்டநடு வறட்சிக் காலம். வருஷா வருஷம் அன்று இரவு புல்தீயை அணைப்பதே தீயணைப்புப் படைக்கு வேலை.

அரசாங்கமும் தன் வாணவேடிக்கையை விடாது. 2019 டிசம்பர் 31 அன்று மாநிலமே எரிந்துகொண்டிருந்தது. கான்பரா ரத்து செய்தது. சிட்னி தீத்தடையிலிருந்து விலக்கு வாங்கித் துறைமுகத்தில் நடத்தியது. தண்ணீருக்கு மேல்தான், பாதுகாப்புத்தான். புகைக்குள் நின்று வாணவேடிக்கை பார்த்தது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.


இசைக்குழு_அம்மா | ஜூன் 12, காலை 10.40

யாரும் விரும்பாத பக்கத்திலிருந்து பேசுகிறேன். பட்டாசுக் கடையில் நின்றவள் நான்.

கலிபோர்னியாவில் அந்த ஒட்டுப்பலகைக் கடைகளைப் பெரும்பாலும் லாப நோக்கில்லாத அமைப்புகள்தான் நடத்தும். தேவாலயம், விளையாட்டுக் கழகம், பள்ளி இசைக்குழு. என் மகள் டிராம்போன் வாசிக்கிறாள். அந்த டிராம்போனில் பாதி பட்டாசுக் காசு. ஒரு வாரம் வெயிலில் நின்று சம்பாதிப்பதை, கேக் விற்றுச் சம்பாதிக்க எத்தனை வருடம் ஆகும் என்று தடை கேட்பவர்கள் யாரும் சொல்வதில்லை. 'வேறு வழியில் நிதி திரட்டலாமே' என்கிறார்கள். அந்த வேறு வழியில் நிற்க யார் வருகிறீர்கள்? பெயர் கொடுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

சொல்லிவிட்டேன். இனி இன்னொன்று. போன வருடம் கடைசி நாள் ஒருவர் வந்தார். நானூறு டாலர் பெட்டியை எடுத்துக்கொண்டு, 'மலைமேல் எங்கள் பண்ணையில் கொளுத்தப் போகிறோம், இங்கே கூட்டம்' என்றார். சட்டப்படி நான் விற்கலாம். அவரிடம் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. விற்றேன். இரவு முழுக்கத் தீ எச்சரிக்கைச் செயலியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அந்த டிராம்போனை என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.


கணக்கன் | ஜூன் 12, மதியம் 1.10

இசைக்குழு அம்மா நேர்மையாகப் பேசினார். மரியாதை.

என் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு. முத்திரைப் பட்டாசைத் தடை செய்தால், சட்டத்தை மதித்து ஒட்டுமொத்தமாக நிறுத்தப் போகிறவர்கள் நாம்தான். வாசலில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துகிறவர்கள். பக்கத்து மாநிலமான நெவாடாவிலிருந்து டிக்கியில் ராக்கெட் ஏற்றி வருகிறவன் அப்போதும் ஏற்றி வருவான். பிடித்தாலும் அதைப் பத்திரமாக அழிக்கக்கூடத் தெரியவில்லை. 2021 ஜூன் 30 அன்று தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் பறிமுதல் செய்த பட்டாசைக் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு நடுத்தெருவில் ஒரு இரும்புக் கலத்துக்குள் வைத்து வெடித்தது. அளவை மீறி வைத்ததில் கலமே சிதறி 17 பேருக்குக் காயம், சுற்றிலும் வீடுகள் நாசம். தனியார் பட்டாசின் ஆபத்தை மக்களுக்கு இவ்வளவு தெளிவாக வேறு யாரும் விளக்கியதில்லை.


போர்ட்லாந்து_பொன்னி | ஜூன் 12, மதியம் 2.25

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'சட்டம் இருந்தும் நடந்தது' என்ற வாதத்துக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது.

2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 116 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 46க்கு மேல். வேலூரில் பிறந்த எனக்கே தாங்கவில்லை. மறுநாளே தீயணைப்புத் துறை நகருக்குள் பட்டாசுக்கு அவசரத் தடை போட்டது. ஆனால் அதற்குள் ஒரு வாரமாக விற்றுத் தீர்ந்திருந்தது. வாங்கிய பொருள் வீட்டில் இருக்கும்போது 'இந்த வருடம் மட்டும் கொளுத்தாதே' என்றால் யார் கேட்பார்கள்? ஜூலை 4 விடியற்காலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து உயிர்கள் போயின. குப்பைத் தொட்டியில் போட்ட பட்டாசிலிருந்து தொடங்கியது என்றார்கள். 2022 மார்ச்சில் விற்பனை, பயன்பாடு இரண்டுக்கும் நகர மன்றம் நிரந்தரத் தடை போட்டது.

வானிலையைப் பார்த்துப் போடுகிற தடை பிந்தித்தான் வரும். கடை திறக்கும் தேதி நாட்காட்டியில் முன்பே அச்சாகிவிட்டது. வெயில் நாட்காட்டி பார்த்து வருவதில்லை. கொளுத்துவதை மட்டும் தடுத்து விற்பனையை விட்டுவைத்தால் ஒன்றும் ஆகாது.


மட்டுறுத்துநர் | ஜூன் 12, மாலை 5.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கட்சி அரசியலுக்குத் தனி இழை உண்டு. 'தீபாவளியை ஒழிக்கச் சதி' என்பதற்கும் அங்கேயே போகவும்.


வேலியோரம் | ஜூன் 13, இரவு 11.18

நீக்கிய பதிவுகளில் ஒன்று என்னைத்தான் திட்டியது. பரவாயில்லை. தீபாவளி என்று வந்துவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

2019இல் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்பு சோனோமாவில் கின்கேட் தீ தொடங்கியிருந்தது. அந்த வார இறுதியில் அங்கே ஏறத்தாழ 2 லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லியிருந்தார்கள். காற்று பேய்போல் அடித்தது. மின்கம்பி அறுந்து பற்றக் கூடாதென்று சனிக்கிழமை மாலையே எங்கள் பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அகல் விளக்கு ஏற்றப் போனேன். தெருவே இருட்டாக இருக்கும்போது வெளியே நெருப்பு வைக்கப் பயமாக இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நான்கு விளக்கை வைத்துக் கும்பிட்டோம். எண்ணெய்க் குளியல் டார்ச் வெளிச்சத்தில். வெளியே போனால் புகை வாசனை.

மாலையில் நண்பர் குடும்பம் வந்தது. குழந்தைகள் நச்சரிக்க, அவர் வாசல் சிமெண்ட் தளத்தில் நின்று ஒரே ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்தினார். ஜூலையில் வாங்கி வைத்ததுதான், என் கராஜில் இருந்து எடுத்தது. பொறிகள் நேராக விழவில்லை. காற்றில் படுத்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒரு ஆள் தூரத்துக்குப் போயின. அதுவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அங்கே ஒரு முதியவர், தனியாக இருப்பவர். தோட்டக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, தன் புல்வெளி ஓரத்தில் நின்றார். தண்ணீர் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயின் வாயை எங்கள் பக்கம் பிடித்தபடி, மத்தாப்பு எரிந்து முடியும்வரை நின்றார். முடிந்ததும் "ஹேப்பி தீவாளி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு மத்தாப்பு எவ்வளவு நேரம் எரியும்? ஒரு நிமிடம் இருக்குமா? எனக்கு அன்று முடியவே இல்லை.

என் மூன்று நிமிடத்தில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.


மலைப்பாதை | ஜூன் 14, காலை 8.10

சொல்லுங்கள். கூடவே ஒரு வரி: கலிபோர்னியாவில் கவனக்குறைவால் தீ மூட்டியவரிடம் அணைத்த செலவை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. முத்திரை பெற்ற பட்டாசு என்பது அதிலிருந்து விலக்கு ஆகாது. 2020 செப்டம்பரில் யுகைப்பா பூங்காவில், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்க வண்ணப் புகை விட்ட தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயணைக்கப் போன ஒருவர் திரும்பவில்லை. அந்தக் கணவருக்கு 2024இல் ஓராண்டு சிறை. கெட்டவர்கள் இல்லை, பற்றியதும் தண்ணீர்ப் பாட்டில்களோடு ஓடி அணைக்கப் பார்த்தவர்கள்.


வேலியோரம் | ஜூன் 17, காலை 6.50

நேற்று முடியும்போது இரவு பதினொன்றரை. சுருக்கமாக எழுதுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

முழுத் தடை நிறைவேறியது. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து. இந்த வருடம் கடைகளுக்கு உரிமம் கொடுத்தாகிவிட்டது, வழக்கு வரும் என்றார் நகர வழக்கறிஞர். இந்த வருடத்துக்குக் குன்றை ஒட்டிய தெருக்களில் மட்டும் கொளுத்தக் கூடாது. எங்கள் தெரு அதற்குள் வருகிறது. பின்தெரு வரவில்லை.

இசைக்குழுவுக்காக ஓர் உறுப்பினர் கேட்டார். நகரம் எவ்வளவு ஈடு செய்யும் என்பதை 'ஆராய' ஒப்புக்கொண்டார்கள். இசைக்குழு அம்மா, அந்த ஆராய்ச்சி எப்போது முடியும் என்று நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். நிதி திரட்ட நிற்க என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பேசும்போது இரண்டு நிமிடம் ஐம்பது வினாடியில் மணி அடித்துவிட்டார்கள். குழாய் பிடித்த இடம்வரை சொல்லிவிட்டேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி. கராஜில் உள்ள பெட்டியை என்ன செய்வது?


விருதுநகரான் | ஜூன் 17, காலை 7.20

வாளித் தண்ணீரில் முழுக்க முக்கி ஓர் இரவு ஊறப் போடுங்கள். காய விடாதீர்கள். நமுத்துப்போனது மறுபடி காய்ந்தால் மறுபடி எரியும், அடுப்பு மேட்டு அனுபவம்.


மலைப்பாதை | ஜூன் 17, காலை 7.34

அதற்கு முன் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். எரிக்காத பட்டாசைப் பல நிலையங்களில் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். வாளியில் ஊறப் போட்டாலும் நேராகக் குப்பையில் கொட்டக் கூடாது. பொன்னி சொன்ன குப்பைத் தொட்டியை மறக்க வேண்டாம்.


கணக்கன் | ஜூன் 17, காலை 8.05

எங்கள் வீட்டுப் பெட்டியையும் கொண்டுவருகிறேன் அக்கா. நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள். தடையை மதிக்காதவன் மதிக்க மாட்டான் என்ற என் கருத்து மட்டும் மாறவில்லை.


வேலியோரம் | ஜூன் 17, மதியம் 12.40

கேட்டேன். ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும். மணியை அடிக்கச் சொன்னார்கள், உள்ளே எடுத்து வர வேண்டாமாம். காரிலேயே இருக்கட்டும், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.